பங்கீடு என்பதும் பகிர்வு என்பதும் ஒன்றா?

இல்லை. பகிர்வது மனம்போல் கொடுப்பது. பங்கீடு என்றால், கையிருப்பு குறையும்போது தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பது. பேச்சு வழக்கில் ரேஷன். மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் தோட்டங்களில் வளர்ந்த மூத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் அரிசிக்குப் பங்கீடு. வயிற்றை நிரப்பியது மரவள்ளிக்கிழங்குதான். 1948இல் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலம் வந்தபின் காரணமே வேறு: காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது. டின் உணவைக் கடையிலேயே ஓட்டை போட்டுத்தான் விற்றார்கள், பதுக்கினால் கெட்டுவிடும். சில இடங்களில் அரிசியே தராமல், பொதுச் சமையலறையில் வடித்த சோற்றை அளந்து தந்தார்கள். பிள்ளைக்குட்டி உள்ள வீட்டுக்கு எவ்வளவு கொடுமை! அப்புறம், 2014இல் சிலாங்கூரில் நீர்ப் பங்கீடு வந்தது. தேர்தலில் தொகுதிப் பங்கீடு என்பதும் இந்த அளவுக் கணக்குதான். பிறந்தநாள் கேக்குக்கு மட்டும் இந்தச் சொல் ஒட்டாது.