எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு: டேவிட் ஃபாரிங்டனை முன்வைத்து ஒரு கேள்வி பதில்

கேம்பிரிட்ஜ் குற்றவியல் ஆய்வாளர் டேவிட் ஃபாரிங்டன் 2024 நவம்பரில் காலமானார். அவருடைய கட்டுரைகளையும் அவற்றுக்குக் கிடைத்த சைட்டேஷன்களையும் (மற்ற ஆய்வாளர்கள் தங்கள் எழுத்தில் அவற்றை மேற்கோள் காட்டுவதையும்) பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (முதுகலை மாணவி): சார், அவர் பெயரில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இருக்கின்றன. ஒரு மனிதரால் இவ்வளவு எழுத முடியுமா?

முடியும்மா. அவர் கையில் என்ன இருந்தது என்று பார்த்தால் புரியும். 1961இல் டொனால்ட் வெஸ்ட் என்ற மனநல மருத்துவர் தெற்கு லண்டனின் உழைக்கும் மக்கள் பகுதியில் எட்டு, ஒன்பது வயதுச் சிறுவர்கள் 411 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வளர வளரப் பின்தொடர ஆரம்பித்தார். யார் குற்றத்தில் இறங்குகிறார்கள், ஏன் இறங்குகிறார்கள், எப்போது விடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. 1969இல் ஃபாரிங்டன் அதில் சேர்ந்தார். பிறகு பொறுப்பும் அவரிடமே வந்தது. அந்தச் சிறுவர்களுக்கு 48 வயதானபோது உயிரோடு இருந்தவர்கள் 394 பேர். அவர்களில் 365 பேரை மறுபடியும் தேடிப் பிடித்துப் பேட்டி எடுத்தார்கள், அதாவது 93 சதவீதம். இடம் மாறியவர்கள், பேச விரும்பாதவர்கள், சிறைக்குப் போய் வந்தவர்கள் என்று எல்லோரும் இருக்கும் கூட்டத்தில் இது சாதாரண விஷயமே இல்லை. களத்தில் கேள்வித்தாளோடு வீடு வீடாக அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒவ்வொரு சுற்றுப் பேட்டியும் புதிய கேள்விகளைத் திறந்துவிட்டது. வேலை, திருமணம், குடி, அப்புறம் அவர்களுடைய பிள்ளைகள் என்று போய்க்கொண்டே இருந்தது. கூட எழுதியவர்களும் நிறைய. கட்டுரைகள் குவிந்ததற்கு இந்த அரை நூற்றாண்டுத் தரவுதான் வேர். எண்ணிக்கையைப் பார்த்து மலைப்பதை விட, அந்த 365 பேரின் கதவைத் தட்டியதை நினைத்துத்தான் எனக்கு மலைப்பு.

கேள்வி (ஆய்வு மாணவர்): எச்-இண்டெக்ஸ் என்றால் என்ன? எளிமையாகச் சொல்லுங்கள்.

ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்ல, ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த அளவு அது. உங்கள் கட்டுரைகளில் 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்து, 11 கட்டுரைகளுக்கு 11 முறை என்ற அளவை எட்டாவிட்டால் உங்கள் எண் 10. இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ஒரே ஒரு மகத்தான நூலை எழுதி, அது பல ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டாலும், அந்த நூல் இந்தக் கணக்கில் சேர்ப்பது 1தான்.

கேள்வி: தன்னைத் தானே மேற்கோள் காட்டி எண்ணை ஏற்றிக்கொள்ள மாட்டார்களா?

ஏற்றுகிறார்கள். ஆனால் நீண்டகால ஆய்வு செய்பவர் தன் பழைய கட்டுரையைச் சுட்டித்தான் ஆக வேண்டும். அதைக் குற்றம் என்று சொல்லக் கூடாது. ஃபாரிங்டனே எலன் கோன் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, குற்றவியலில் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவர்கள் யார் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். முக்கிய ஆய்விதழ்களின் துணைநூல் பட்டியல்களை எடுத்து எண்ணினார்கள், தன்-மேற்கோள்களை விலக்கினார்கள். ஒருவருக்கு ஒரே படைப்பால் பெயர் வந்ததா, பல படைப்புகளால் வந்ததா என்றும் பிரித்துப் பார்த்தார்கள். மொத்த எண்ணை விட இந்தப் பிரிப்பு எனக்குப் பயனுள்ளதாகத் தெரிகிறது.

கேள்வி (காவல்துறைப் பயிற்சியாளர்): அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வு என்றால் சரியான ஆய்வு என்று நம்பலாமா ஐயா?

நம்ப வேண்டாம். இதை நான் எங்கே பேசினாலும் அழுத்திச் சொல்வேன். ராபர்ட் மார்ட்டின்சன் என்ற சமூகவியலாளர் 1974இல் அமெரிக்காவில் ஒரு கட்டுரை எழுதினார். கைதிகளைத் திருத்தும் திட்டங்கள் பற்றிய 231 ஆய்வுகளைப் பரிசீலித்ததில், மறுபடி குற்றம் செய்வதைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தவை மிகச் சிலவே என்றார். ‘எதுவும் பலிக்காது’ என்று அது சுருக்கப்பட்டு நாடு முழுக்கப் பரவியது. மறுவாழ்வை விடத் தண்டனைதான் வழி என்று வாதிட்டவர்களுக்கு அது பெரிய ஆயுதமாகிவிட்டது. 1979இல் அவரே, சில திட்டங்கள் நன்றாகப் பயன் தருகின்றன, என் பழைய நிலைப்பாடு மாறிவிட்டது என்று ஒரு சட்ட ஆய்விதழில் எழுதினார். முதல் கட்டுரை எட்டிய தூரத்தை அந்தத் திருத்தம் எட்டவே இல்லை. அந்த முதல் கட்டுரையை மறுத்து எழுதியவர்களும் அதை மேற்கோள் காட்டித்தானே எழுதினார்கள்? கணக்கில் அவையும் ஏறும். சிறைக்குள் இருந்த மனிதர்கள் வாழ்க்கையோடு தொடர்புடைய விஷயம் என்பதால் இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கேள்வி: ஆய்வு எழுத்துகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் மேற்கோள்களுக்கு ஓர் எண், ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்தில் வேறு எண். எது சரி?

இரண்டும் அதனதன் கணக்கில் சரி. கூகுள் ஸ்காலர் நூல்கள், ஆய்வேடுகள், அறிக்கைகள் எல்லாவற்றையும் அள்ளும். ஸ்கோபஸ் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களையே முக்கியமாக எண்ணும். எங்கே, எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி (ஆய்வு மாணவி): அடுத்த மாதம் வேலைக்கு நேர்காணல். என் எச்-இண்டெக்ஸ் 4. பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள்மா. இந்த எண் வயதோடு ஏறுவது. உங்களைப் போல இப்போதுதான் தொடங்குபவர்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். மருத்துவத் துறையோடு குற்றவியலை ஒப்பிடவே கூடாது, அங்கே மேற்கோள் காட்டும் வழக்கமே வேறு. உங்கள் கட்டுரைகளில் சிறந்த ஒன்றை எடுத்து, அதை யார், எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். யாராவது மறுத்திருந்தால் அதையும் சொல்லி, உங்கள் பதிலையும் சொல்லுங்கள். முடிந்தால் நாளைக்கே அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.