ஜிஆர்பிஎல் 1.1 ஏற்றிய பிறகு மெசின் ஊர்கிறது, தூரமும் பிழைக்கிறது: பழைய எண்களை அப்படியே போடலாமா?

பெறுமதிகளைப் போடலாம், ஆனால் பழைய $ இலக்கங்களுக்கு (எந்த அமைப்பு என்று காட்டும் எண்) போடக்கூடாது. உங்கள் பிரச்சினையில் பாதி இதுதான்.

நீங்கள் சொன்னதைச் சுருக்கினால், யூனோவும் (சிறு கட்டுப்பாட்டுப் பலகை) அதன் மேல் குத்தும் சி.என்.சி ஷீல்டும் வைத்து வீட்டில் செய்த ரவுட்டர் (மரம் வெட்டிச் செதுக்கும் மெசின்), அதை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருள் 0.8 இல் ஒழுங்காக ஓடியது, 1.1 ஏற்றியதும் 100 மி.மீ கேட்டால் 62.5 தான் போகிறது, வேகமும் இல்லை, ஹோமிங் (ஒவ்வொரு அச்சும் தன் முனைச் சுவிச்சைத் தேடித் தொடக்க இடத்தை அறிவது) கொடுத்தால் இசட், அதாவது மேலும் கீழும் போகும் அச்சு, மேலே போய் முட்டிக்கொண்டு நிற்காமல் கத்துகிறது. வேகம், முடுக்கம், பயண தூரம் ஆகிய எல்லைகளுக்குப் பழைய எண்களே போதுமா என்பது உங்கள் கேள்வி. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பதிப்பு மாறும்போது ஜிஆர்பிஎல் தன் நினைவகத்தில் இருந்த அமைப்புகளை அழித்துவிட்டுத் தன்னுடைய பொதுவான பெறுமதிகளைப் போட்டுக்கொள்ளும். ஒரு மி.மீட்டருக்கு 250 ஸ்டெப் (மோட்டர் எடுத்து வைக்கும் ஒரு சிறு அடி), உச்ச வேகம் நிமிடத்துக்கு 500 மி.மீ, முடுக்கம் 10, பயண தூரம் 200. உங்கள் திருகு 8 மி.மீ லீட் (ஒரு சுற்றில் நகரும் தூரம்), மோட்டர் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், மைக்ரோஸ்டெப் 16 (ஒரு ஸ்டெப்பை 16 ஆகப் பிரிப்பது) என்றால் 200 ஐ 16 ஆல் பெருக்கி 8 ஆல் பிரிக்க 400 வரும். 400 இருக்க வேண்டிய இடத்தில் 250 இருந்தால் 100 மி.மீ 62.5 ஆகத்தான் போகும், ஆகவே மெசினில் பழுது ஒன்றும் இல்லை. 0.8 இல் இந்த எண் $0, $1, $2 இல் இருந்தது, 1.1 இல் $100, $101, $102. புதியதில் $0 என்பது ஸ்டெப் துடிப்பின் நீளம், அதனால் பழைய பட்டியலை அப்படியே ஒட்டினால் எது எங்கே போய்ச் சேரும் என்று பிறகு நீங்களே தேட வேண்டி வரும். திசை மாற்றும் எண்ணும் அப்படித்தான், 0.8 இன் மாஸ்க் (எந்த அச்சுகளைத் திருப்புவது என்பதை ஒரே எண்ணில் சொல்வது) வேறு கணக்கு, இப்போது $3 இல் 0 முதல் 7 வரைதான். அடுத்த முறை ஏற்றுவதற்கு முன் $$ அடித்து வருவதை ஒரு கோப்பில் ஒட்டிவையுங்கள்.

இசட் கத்துவதை முதலில் நிறுத்துங்கள், ஏனென்றால் அது மெசினை உடைக்கும். உங்கள் ஷீல்ட் 0.8 காலத்து வயரிங்குக்குச் செய்தது. 1.1 இல் ஸ்பிண்டில் (வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டர்) வேகத்துக்காக யூனோவின் 11 ஆம் பின் போய்விடுகிறது, இசட் லிமிட் சுவிச் 12 க்குப் போய்விட்டது. உங்கள் சுவிச் இன்னும் 11 இல் இருக்கிறது, ஆகவே அது அமுங்குவது ஜிஆர்பிஎல்லுக்குத் தெரியவே தெரியாது. இசட் சுவிச் வயரைக் கழற்றி, ஷீல்டில் ஸ்பிண்டில் எனேபிள் என்று குறித்த பின்னில் குத்துங்கள். இன்னொன்று, ஹோமிங்கில் சுவிச் கிடைக்காவிட்டால் அது பயண தூரத்தின் ஒன்றரை மடங்கு வரை தேடிவிட்டுத்தான் அலாரம் 9 அடித்து நிற்கும். $132 இல் 200 இருந்தால் 300 மி.மீ தேடும், உங்கள் இசட் மொத்தமே 60 இருக்குமோ தெரியாது. அதனால் ஹோமிங்கைத் தொடுவதற்கு முன்பே $130 முதல் $132 வரை ஓரளவு சரியான எண்ணைப் போட்டுவிடுங்கள்.

இனி நீங்கள் உண்மையில் கேட்ட எல்லைகள். 0.8 இல் முடுக்கம் மூன்று அச்சுக்கும் சேர்த்து ஒன்றுதான். அதில் மிகவும் பலவீனமான அச்சுக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் கட்டி வைத்திருப்பீர்கள். இப்போது வேகம் $110, $111, $112, முடுக்கம் $120, $121, $122 என்று அச்சுக்கு ஒன்று. பழைய ஒரே எண்ணை மூன்றிலும் போட்டால் வேலை நடக்கும், ஆனால் பிறகு ஏன் புதியதை ஏற்றினீர்கள்?

பலர் வேகத்தைத்தான் முதலில் கூட்டுகிறார்கள், நான் முடுக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். நிமிடத்துக்கு 1800 என்பது வினாடிக்கு 30 மி.மீ. முடுக்கம் 10 ஆக இருந்தால் அந்த வேகத்தை எட்டவே 3 வினாடியும் 45 மி.மீ தூரமும் வேண்டும். அதே இடத்தில் 150 போட்டால் 3 மி.மீ போதும். கிளிநொச்சியில் எங்கள் பட்டறையில் அதிகமாகப் போவது பெயர்ப்பலகைதான், கோயிலுக்கும் கடைக்கும். 'ஞ' என்ற ஒரு எழுத்தை எடுங்கள், நேர்கோடு கொஞ்சம்தான், மற்றதெல்லாம் சுழியும் வளைவும், ஜி-கோடில் (மெசினுக்குக் கொடுக்கும் கட்டளைப் பட்டியல்) அது நூற்றுக்கணக்கான குட்டிக் கோடுகள். முடுக்கம் குறைவாக இருந்தால் பிட் ஒவ்வொரு வளைவிலும் தயங்கித் தயங்கி உரசும், முதிரை போன்ற இறுகிய பலகையில் அந்த இடம் கருகிப் புகை மணக்கும். நீங்கள் ஃபீட் (வெட்டும் வேகம்) எவ்வளவு எழுதினாலும் மெசின் அதைத் தொடவே தொடாது, பிட் மட்டும் மழுங்கும்.

எவ்வளவு கூட்டலாம் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது, உங்கள் மெசின்தான் சொல்லும். ஒரு அச்சை எடுங்கள், வெட்டாமல் வெறுமனே அங்கும் இங்கும் ஓட்டுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், மோட்டர் கரகரத்து நிற்கும் எண் வந்ததும் அதிலிருந்து 20 வீதம் இறக்குங்கள். பலகை வெட்டும் சுமை இருக்கிறது, ஆகவே நான் இன்னும் கொஞ்சம் இறக்குவேன். பிறகு ஸ்பிண்டிலில் பென்சில் கட்டி ஒரு புள்ளி வைத்து, வேகமாக நாலைந்து நிமிடம் ஓடவிட்டு, அதே இடத்துக்குத் திரும்பி இன்னொரு புள்ளி. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஸ்டெப் தவறவில்லை. இந்தச் சோதனையை விடியற்காலையில் செய்யாதீர்கள். வன்னி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, மத்தியானம் செய்யுங்கள், மோட்டரை ஓட்டும் ஏ4988 டிரைவர் சிப் சூடேறினால் தன்னைத்தானே நிறுத்திப் பிறகு எழும்பும், அந்த இடைவெளியில் ஸ்டெப் போய்விடும், காலையில் எடுத்த எண் அப்போது செல்லாது. டிரைவருக்கு மேலே ஒரு சின்ன மின்விசிறி கட்டாயம்.

மேல் எல்லை ஒன்று யூனோவிலேயே இருக்கிறது, வினாடிக்கு ஏறக்குறைய 30,000 ஸ்டெப். 400 ஸ்டெப் மெசினுக்கு அது நிமிடத்துக்கு 4500 மி.மீ, 12 வோல்ட்டில் உங்கள் மோட்டர் அதற்கு வெகு முன்பே கையை விரித்துவிடும், கவலை வேண்டாம். இசட்டுக்கு எப்போதும் குறைவாகப் போடுங்கள், அது ஸ்பிண்டிலின் பாரத்தைத் தூக்குகிறது. ஆனால் மிகவும் குறைத்தாலும் சிக்கல், சாய்வாக இறங்கும் வெட்டில் ஜிஆர்பிஎல் எந்த அச்சும் தன் எல்லையை மீறாதபடி முழு நகர்வையும் மெதுவாக்கும், எக்ஸ் அச்சும் வை அச்சும் இசட்டுக்காகக் காத்திருக்கும்.

பயண தூரத்தை ரெயிலின் நீளத்தை வைத்துப் போடாதீர்கள், வண்டியின் அகலம் கழியும். $20 (மென்பொருள் எல்லை) ஐ 0 ஆக்கி, $22 (ஹோமிங்) ஐ 1 ஆக்கி, ஹோம் செய்து, மறுமுனை வரை மெதுவாக ஜாக் செய்து (கையால் கட்டளை கொடுத்து நகர்த்தி), முட்டுவதற்கு 3 மி.மீ முன்னால் நின்று மெசின் நிலை என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அது மைனஸில்தான் இருக்கும், பயப்படாதீர்கள், ஜிஆர்பிஎல் ஹோமை மேல்மூலையில் பூச்சியமாக வைத்து மற்ற இடமெல்லாவற்றையும் மைனஸாக எண்ணும். மைனஸை விட்டுவிட்டு அந்த எண்ணை $130 இல் போடுங்கள், மற்ற இரண்டுக்கும் இதே வழி. பிறகு $20 ஐ 1 ஆக்குங்கள், அப்போது $22 0 இல் இருந்தால் பிழை 10 என்று திருப்பி அனுப்பும். வேலை ஓடும்போது அலாரம் 2 வந்தால் ஜி-கோட் எல்லைக்கு வெளியே போகப் பார்த்தது என்று அர்த்தம், பெரும்பாலும் வேலைப் பூச்சியத்தை (வெட்டும் வேலையை அளக்கத் தொடங்கும் இடம்) தவறான மூலையில் வைத்ததால்தான் வரும்.

இந்த மென்பொருள் எல்லை மெசினின் சட்டகத்தைத்தான் காக்கும், மேசையைக் காக்காது. பிட் எவ்வளவு நீளம் என்று அதற்குத் தெரியாது, நீளமான பிட் போட்டால் எல்லைக்குள்ளேயே நின்றுகொண்டு மேசையில் துளை போடும். கரண்ட் போய் வந்தாலும் மறக்காமல் மறுபடி ஹோம் செய்யுங்கள்.

இவ்வளவும் செய்தும் சும்மா இருக்கும்போதே அலாரம் 1 (லிமிட் சுவிச் அமுங்கிவிட்டது என்ற எச்சரிக்கை) வந்தால், ஸ்பிண்டில் வயரும் லிமிட் வயரும் ஒன்றாகக் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் சரிவராவிட்டால் உங்கள் $$ பட்டியலையும் டிரைவர் எது என்பதையும் கீழே போடுங்கள், பார்க்கலாம்.