விதிப் பட்டியலை அனுப்பும் முன் எல்லோரையும் உட்கார வையுங்கள்

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் வாராவாரம் கூடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம்; ஆளுக்கொரு கேரக்டராக, பகடை உருட்டி ஒரு கற்பனைக் கதைக்குள் ஆடும் ஆட்டம் அது. கதையை நடத்தித் தீர்ப்புச் சொல்லும் கேம் மாஸ்டர் நான்தான். சமீபகாலமாக விளையாட்டைவிட மனக்கசப்புதான் அதிகம். ஒருவர் தன் திருடன் கேரக்டரை வைத்து எங்கள் குழுவினரின் பையிலிருந்தே புதையலைச் சுருட்டுகிறார். கேட்டால், "என் கேரக்டர் அப்படித்தான்" என்கிறார். இன்னொருவர் தன் முறை வரும்வரை போனிலேயே இருக்கிறார். போன வாரம், ஒரு மந்திரம் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரைத் தாக்குமா என்ற வாதத்திலேயே பாதி நேரம் போய்விட்டது. பத்து விதிகளை எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடலாமா? ரொம்பக் கண்டிப்பானவர் என்று பெயர் வந்துவிடுமோ என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில்: அனுப்பாதீர்கள். பெயர் கெடும் என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் மட்டும் எழுதிய விதியை நீங்கள் மட்டும்தான் காவல் காக்க வேண்டியிருக்கும். கதை, அரக்கர்கள், தீர்ப்பு என்று ஏற்கெனவே எல்லாச் சுமையும் உங்கள் தலையில். நண்பர்களை மேய்க்கும் வேலையும் எதற்கு?

அடுத்த வாரம் பகடையைத் தொடாமல் பேசுவதற்கென்றே உட்காருங்கள். புதிய கதை தொடங்கும் முன் செய்யும் இந்த வேலையை செஷன் ஜீரோ என்பார்கள். கதை பாதி வந்த பிறகு செய்தாலும் தப்பில்லை. இந்த ஆட்டத்தில் எது பிடிக்கிறது, எது எரிச்சலூட்டுகிறது என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். நீங்கள் கடைசியில் பேசுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தத் திருட்டுதான். கேரக்டர் அப்படித்தான் என்றால், அதை அப்படிப் படைத்தவர் அவர்தானே? இன்றைக்கு யார் பையில் கை வைப்பது என்று முடிவு செய்வதும் அவர்தான். பறிகொடுத்தவருக்கோ இரண்டே வழி: பொறுத்துப் போவது, இல்லையென்றால் திருடனை வெட்டுவது. எதைச் செய்தாலும் அன்றைய ஆட்டம் அதோடு கெட்டது.

இதற்கு நான் பரிந்துரைக்கும் விதி ஒன்று உண்டு. சக ஆட்டக்காரரின் கேரக்டருக்கு எதிராக எதைச் செய்தாலும், அது பலிக்குமா இல்லையா என்பதைப் பாதிக்கப்படுபவரே சொல்வார். பகடை உருட்ட வேண்டாம். திருடன் நள்ளிரவில் பைக்குள் கைவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அந்தப் பையின் சொந்தக்காரரைப் பாருங்கள். "எடுக்கட்டும், ஆனால் நான் தூங்குவதுபோல் நடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன்" என்று அவர் சொன்னால், அடுத்த நாளுக்கு அருமையான காட்சி தயார். "வேண்டாம்" என்றால் அந்தத் திருட்டு நடக்கவே இல்லை, கதை மேலே போகும். சண்டை சச்சரவு உள்ள குழுக்கதையை இது கெடுப்பதில்லை. இருவரும் விரும்பினால்தான் சண்டை, அவ்வளவுதான்.

ஆனால் அவரைத் தண்டிக்க ஒரு டிராகனை மட்டும் ஏவிவிடாதீர்கள். மனிதர்களுக்குள் இருக்கும் பிரச்சினையைக் கதைக்குள் தீர்க்கவே முடியாது, வன்மம்தான் மிஞ்சும். செஷன் ஜீரோவுக்கு முன்பே அவரிடம் தனியாகப் பேசிவிடுங்கள். திருடனுக்கு உங்கள் கதையில் வேலையே இல்லாமலும் இருக்கலாம். உடைக்க ஒரு பூட்டு, ஏமாற்ற ஒரு காவலன் என்று கொடுத்துப் பாருங்கள், கை தானாக அந்தப் பக்கம் போகும்.

விதி வாதத்துக்கு வருவோம். நீங்கள் ஆடுவது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு என்றால், இலக்குக்குத் தடையில்லாத பாதை வேண்டும் என்பதே பொது விதி. முழுச் சுவருக்குப் பின்னால் நிற்பவரைக் குறிவைக்க முடியாது. அந்த மந்திரத்தின் விளக்கமே வேறு சொன்னால் ஒழிய. ஆனால் இந்தப் பதிலைவிட, வாதத்தை நிறுத்தும் வழிதான் உங்களுக்கு அவசியம். இரண்டு நிமிடம் பேசட்டும், பிறகு நீங்கள் சொல்வதே அன்றைக்கு முடிவு. சந்தேகம் என்றால் ஆட்டக்காரர் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள். குறித்து வைத்துக்கொண்டு ஆட்டம் முடிந்ததும் புத்தகத்தைப் பாருங்கள், அடுத்த முறை புத்தகப்படி. ஒரு கேரக்டரின் உயிரே அதில் தொங்குகிறது என்றால் மட்டும் உடனே பார்த்துவிடுங்கள்.

போனுக்குத் தடை போடாதீர்கள், சிலர் கேரக்டர் விவரங்களை அதில்தான் வைத்திருப்பார்கள். "இவருக்கு அப்புறம் நீங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலே பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா விதிகளையும்விட இது முக்கியம். குழந்தைகள் மீதான கொடுமை, பாலியல் வன்முறை, சித்திரவதை போன்றவை கதையில் வரலாமா என்று பேசிக்கொள்ளுங்கள். எது வரவே கூடாது, எதைக் காட்டாமல் திரைக்குப் பின்னால் வைக்கலாம் என்று பிரித்துப் பார்க்கும் முறையை ரான் எட்வர்ட்ஸ் என்ற வடிவமைப்பாளர் அறிமுகப்படுத்தினார். 2013-இல் ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் கொண்டுவந்த எக்ஸ் கார்டு இன்னும் எளிது. எக்ஸ் என்று எழுதிய ஒரு அட்டை மேசை நடுவில் இருக்கும். யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சியை விட்டுவிட்டு மேலே போக வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. எல்லோர் முன்னாலும் சொல்லத் தயங்குபவர்கள் உங்களிடம் தனியாக எழுதிக் கொடுக்கவும் வழி வையுங்கள்.

இப்படிப் பேசி முடித்தால் ஐந்தாறு விதிகள்தான் தேறும், அது போதும். சில ஆட்டங்கள் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள், வேலைக்கு ஆகாததைத் தூக்கிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் நண்பருக்கு நண்பர்களைக் கவிழ்ப்பதில்தான் சுவை என்றால், அதற்கென்றே ஆட்டங்கள் உண்டு. 1984-இல் வந்த பேரனோயாவில் ஒருவரையொருவர் சந்தேகிப்பதும் காட்டிக்கொடுப்பதும்தான் விளையாட்டே. ஒரு நாள் எல்லோருமாக அதை ஆடுங்கள், உங்கள் வாராந்திரக் கதையில் மட்டும் பைகளை விட்டுவிடச் சொல்லுங்கள்.