புரட்டாசியில் கேட்ட கைமாற்று

அன்புள்ள ஐயா,

மன்னார்குடி பக்கம் என் ஊர். வயது 32. வேளச்சேரியில் தனி அறை, வாடகை 13,000. கரண்டுக்கு வீட்டுக்காரர் யூனிட் 9 ரூபாய் என்று வாங்குகிறார். கைக்கு வரும் சம்பளம் 38,000. ஊருக்கு 8,000 அனுப்பி, பைக் தவணை, சாப்பாடு போக 3,000 மிஞ்சினால் பெரிது. பள்ளிக்கூட நண்பர்கள் மூன்று பேர்: ஒருவன் சம்பா நெல் போடுகிறான், ஒருவன் செல்போன் கடை, ஒருவன் சிங்கப்பூரில். நான் ஊருக்குப் போனால் ‘மெட்ராஸ்காரன்’ என்று செலவெல்லாம் என் தலையில். அதனாலேயே இரண்டு பொங்கலாகப் போகவில்லை. புரட்டாசியில் விவசாயம் பார்ப்பவன் 50,000 கைமாற்று கேட்டான், தை பிறந்ததும் தருவதாக. இல்லை என்றேன். இரண்டு மாதமாகப் பேச்சில்லை. இந்த நட்பு அவ்வளவுதானா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

அப்படி நான் நினைக்கவில்லை. உங்கள் பணம் மாதக் கணக்கில் வருகிறது, அவருடையது விளைச்சல் போகத்துக்கு ஒருமுறை. பள்ளியில் படிக்கும்போது இரண்டு பேர் கையிலும் காசு இல்லாததால் இந்த வித்தியாசம் தெரியவில்லை.

ஏன் புரட்டாசியில் கேட்டார் என்று பாருங்கள். நாற்றங்கால், உழவு, நடவாள் கூலி, அடியுரம் எல்லாம் ஆவணி, புரட்டாசியில் ஒரேயடியாக விழும். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனை உரிய காலத்தில் கட்டினால் வட்டியில்லை. ஆனால் அதற்கு அடங்கல், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்ற கிராம நிர்வாக அலுவலர் பதிவு, வேண்டும். குத்தகை நிலம் என்றால் அதைத் தன் பெயரில் வாங்குவதே பெரும்பாடு. அப்புறம் மிஞ்சுவது வட்டிக்காரரும் நண்பரும்தான். அவர் உங்களிடம் வந்ததை உங்கள்மேல் வைத்த நம்பிக்கையாகவே பார்க்கிறேன்.

‘தை பிறந்ததும்’ என்று அவர் சொன்னதுதான் சரியில்லை. தையில் அறுத்தாலும், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்கத் தயங்குவார்கள். நடுவில் ஒரு மழை பெய்தால் களத்தில் கொட்டிக் கிளறிக் காயவைத்து, முறை வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். அதன்பிறகுதான் வங்கிக் கணக்கில் பணம். மாசிக் கடைசிகூட ஆகலாம். தையில் வரும் என்று நம்பிக் கொடுத்தவர், பொங்கல் முடிந்த வாரமே போன் போட்டுக் கேட்டு உறவைக் கெடுத்துக்கொள்கிறார். டெல்டாவில் கைமாற்று கொடுத்தால் பங்குனிப் பாதி என்று கெடு வையுங்கள். அதுவரை அந்தப் பணம் இல்லாமல் உங்களால் ஓட்ட முடியும் என்றால் மட்டும் கொடுங்கள்.

50,000 உங்களால் முடியாது. மறுத்தது சரியே. ஆனால் வாடகை, தவணை, வீட்டுக்கு அனுப்புவது என்று தொகை தொகையாகச் சொல்லி மறுத்திருக்க வேண்டும். வெறும் ‘இல்லை’ என்பது, இருந்தும் தரவில்லை என்றே அவர் காதில் விழும்.

சென்னைக் கணக்கையும் கொஞ்சம் மாற்றலாம். உங்களுடையதுபோல வீட்டுக்காரரே சப் மீட்டர் வைத்துக் காசு வாங்கும் வீட்டில், அரசு தரும் இலவச யூனிட் சலுகை பெரும்பாலும் உங்கள் கைக்கு வராது. தனி இணைப்புள்ள வீடாகப் பாருங்கள். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கம் இன்னொருவரோடு சேர்ந்து எடுத்தால் வாடகை இறங்கும். மின்சார ரயிலுக்கு மாத சீசன் டிக்கெட் போதும். கிளாம்பாக்கம் பேருந்து நிலையமும் பக்கம். அட்வான்ஸ் பத்து மாதம் கேட்டால் பேரம் பேசுங்கள்: 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைதான் உச்சம்.

பொங்கலுக்குப் போகாததற்கு வருந்த வேண்டாம். விவசாயிக்கு அறுப்பு, கடைக்காரருக்கு வியாபாரம், டிக்கெட்டும் கிடைக்காது. பங்குனியில் போங்கள். நெல் பணம் வந்திருக்கும், வயலில் வேலை குறைவு, ராஜகோபாலசுவாமி கோயில் திருவிழா பதினெட்டு நாள் நடக்கும். சுவாமி வெண்ணெய்க் குடத்தோடு உலா வரும் வெண்ணெய்த்தாழி அன்று ஊரே தெருவில் இருக்கும். சென்னையிலிருந்து மன்னார்குடி போகும் மன்னை எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு 60 நாள் முன்பே பதிவு செய்யலாம். கிளம்புமுன் அந்த விவசாய நண்பரிடம் போனில், “கையில் ரெண்டாயிரம்தான்டா, சாப்பாடு உங்க வீட்டுல” என்று சொல்லிவிடுங்கள். அவர் வீட்டில் சாப்பிட்டால் அவருக்கும் பெருமை.

ஊரில் நண்பர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக முடியாவிட்டாலும் மொய்யை விடாதீர்கள். வீட்டு மொய் நோட்டைப் புரட்டி, அவர்கள் உங்களுக்கு எழுதியதையாவது யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். நீங்கள் வராததை மறந்துவிடுவார்கள், பேர் எழுதாததை மறக்க மாட்டார்கள்.

இப்போது கார்த்திகை, சம்பாவுக்கு மேலுரம் போடும் சமயம். 3,000 ரூபாய் இப்போதும் உதவும். சேர்த்து வைத்திருந்தால் அதைச் சொல்லி அந்த விவசாய நண்பரைக் கூப்பிடுங்கள். பகலில் வயலில் இருப்பார், எடுக்க மாட்டார். இரவு எட்டு மணிக்கு மேல் முயலுங்கள்.