உடம்புக்கு ஒன்றுமில்லாத சமையல்காரரால் டைபாய்டு பரவுமா?

"எங்கள் மெஸ் மாஸ்டருக்குக் காய்ச்சல் இல்லை, வயிற்றுக் கோளாறு இல்லை, மருத்துவச் சான்றிதழும் இருக்கிறது. சாப்பிட்ட நான்கு பேருக்கு டைபாய்டு வந்ததற்கு அவர் எப்படிக் காரணமாக முடியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்தான் காரணம் என்று இங்கிருந்து சொல்ல முடியாது; குடிதண்ணீரும் காரணமாக இருக்கலாம். ஆனால் அவராகவும் இருக்கலாம்.

டைபாய்டு வந்து குணமானவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐந்து பேர் வரை கிருமியைப் பித்தப்பையில் வைத்துக்கொண்டே நடமாடுகிறார்கள். பித்தக்கல் இருந்தால் கிருமி அதன்மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். பித்தநீரோடு குடலுக்கு வந்து மலத்தில் வெளியேறும். சரியாகக் கழுவாத கையிலிருந்து சட்னிக்குப் போக அதிக நேரம் ஆகாது.

இதில் எல்லோரும் அறிந்த பெயர் மேரி மாலன். அயர்லாந்தில் பிறந்து நியூயார்க் பணக்காரர் வீடுகளில் சமைத்தவர். 1906 கோடையில் ஆய்ஸ்டர் பே என்ற ஊரில் அவர் சமைத்த வீட்டில் 11 பேரில் 6 பேருக்கு டைபாய்டு. சூடான பதார்த்தங்களைவிட, பச்சைப் பீச் பழம் நறுக்கிப் போட்ட ஐஸ்கிரீம் மீதுதான் துப்பறிந்த சுகாதாரப் பொறியாளர் ஜார்ஜ் சோப்பருக்குச் சந்தேகம். பிறகு மேரியைத் தனித்தீவில் அடைத்து எடுத்த 163 மல மாதிரிகளில் 120இல் கிருமி இருந்தது. மீதி 43இல் இல்லை! கிருமி தினமும் வெளியேறுவதில்லை.

நான் ஆய்வகத்தில் நுண்ணுயிர்ப் பிரிவில் வேலை பார்ப்பவன். ஹோட்டல் ஊழியர்கள் சான்றிதழுக்கு வருவார்கள். மல மாதிரி டப்பாவைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, மேசை ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். அந்த ஒரு மாதிரியில் கிருமி இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதுகிறோம். அன்றைக்கு இல்லை என்பதுதான் அதன் பொருள். சில முதலாளிகள் அதுவும் வேண்டாம், 'விடால்' மட்டும் போதும் என்பார்கள். விடால் ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடுவது; பித்தப்பையில் குடியிருப்பவனை அது காட்டிக்கொடுக்காது. ஆண்டுதோறும் பரிசோதனை, டைபாய்டு தடுப்பூசி என்று விதி இருக்கிறது, நல்லதுதான். ஆனால் ஊசி போட்டுக்கொண்டவரை அது காக்குமே தவிர, ஏற்கெனவே தங்கிவிட்ட கிருமியை விரட்டாது.

டைபாய்டை விட்டாலும், பத்தில் இரண்டு மூன்று பேரின் மூக்கில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற வேறொரு கிருமி இருக்கிறது. மூக்கைத் தொட்ட கையாலோ நகச்சுற்று வந்த விரலாலோ பால்கோவாவைப் பிடித்து வெளியே வைத்தால் கிருமி பெருகி நஞ்சைச் சுரக்கும். மறுபடி சூடாக்கினால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. சில மணி நேரத்தில் வாந்தி.

மாஸ்டரை என்ன செய்வது? வேலையை விட்டு அனுப்பாதீர்கள். சில நாள் இடைவெளி விட்டுப் பலமுறை மலப் பரிசோதனை, பித்தக்கல் உண்டா என்று ஸ்கேன் ஆகியவற்றைச் செய்யச் சொல்லுங்கள். கிருமி இருந்தால், அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்து மருத்துவர் வாரக்கணக்கில் மாத்திரை கொடுப்பார். அதுவரை சம்பளத்தைக் குறைக்காமல் கல்லாவில் உட்கார வையுங்கள். மேரியை 1910இல் 'இனிச் சமைக்கக் கூடாது' என்று சொல்லித்தான் விடுவித்தார்கள். துணி துவைக்கும் வேலையில் கூலி கட்டுபடியாகவில்லை. 1915இல் வேறு பெயரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் அடுக்களையில் இருந்தார்; 25 பேருக்கு டைபாய்டு வந்தது, இருவர் இறந்தார்கள்.