கையால் பிரஷ்ஷில் எழுதியது போன்ற தமிழ் எழுத்துரு எது? என் கடை போர்டுக்கு வேண்டும்.

நாட்டுப்புற வாசனையோடு, பார்த்ததும் சிநேகமாக இருக்க வேண்டும் என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். சாப்பாட்டுக் கடையாகத்தான் இருக்கும்.

'பிரஷ்' என்று தேடினால் வருகிற பெரும்பாலானவற்றில் தமிழே இருக்காது. தமிழில் அடித்தால் விண்டோஸ் சத்தமில்லாமல் தன் சொந்த எழுத்துருக்களான நிர்மலாவையோ லதாவையோ எடுத்துப் போட்டுவிடும். இலவசமாக வேண்டுமென்றால் கூகுள் ஃபான்ட்ஸில் கவிவனார், பாலூ தம்பி 2 பாருங்கள். முதலாவது சாய்ந்த கையெழுத்து, இரண்டாவது கொழுகொழு. கட்டமரான், அதாவது கட்டுமரம், என்றும் ஒன்று உண்டு. பெயரை நம்பி வடசென்னைக் காசிமேட்டுப் படகு எழுத்தை எதிர்பார்க்காதீர்கள், மழமழவென்று சவரம் செய்த முகம் அது. போட்டோஷாப்பில் கொம்பு இடம் மாறி நின்றால் எழுத்துருவைத் திட்டாதீர்கள், செட்டிங்கைப் பாருங்கள்.

பதில் முடிந்தது. மீதி என் வயிற்றெரிச்சல்.

அப்பா தண்டையார்பேட்டையில் போர்டு எழுதியவர். காசிமேட்டில் படகுக்கும் எழுதுவார். 'அந்தோணியார் துணை' என்றால், சாக்குக்கட்டி தேய்த்த நூலைப் பலகையில் சுண்டிக் கோடு போடுவார். படகு முன்பக்கம் மேலே ஏறும் இல்லையா, அதனால் எழுத்தும் ஏற வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் போன, யானைத் தும்பிக்கை போல வளைந்த பழைய ணையைத்தான் கடைசியில் எழுதுவார். அந்தத் தும்பிக்கை பலகையின் வளைவோடு அப்படியே போய் நிற்கும். "ஆர்டிஸ்ட்டண்ணே, அத்த இன்னும் கொஞ்சம் தூக்கி வுடு" என்பார் படகுக்காரர். எந்த எழுத்துருவிடம் போய் இதைச் சொல்வது?

கணினிக்கு எதிரி என்று கிளம்பி வராதீர்கள். நான் டிடிபி வேலை பார்த்துத்தான் சாப்பிடுகிறேன். ஃபிளெக்ஸ் வந்து அப்பா வேலை போனதற்குக்கூட நான் யாரையும் குறை சொன்னதில்லை. எனாமல் பெயிண்ட் காய ஒரு ராத்திரி வேண்டும், ஃபிளெக்ஸுக்கு அது வேண்டாம். எங்கள் பக்கம் ஈர போர்டை வெளியே வைத்தால் விடிவதற்குள் கன்டெய்னர் லாரிப் புழுதி அப்பியிருக்கும். துறைமுகத்துக்குப் போகிற லாரியெல்லாம் எண்ணூர் நெடுஞ்சாலையிலேயே குடும்பம் நடத்துகிறது.

சில வருஷம் முன்பு ஒரு டிசைனர் பையன் வந்தான். சார்ட் பேப்பரில் எல்லா எழுத்தையும் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு ஐந்நூறு ரூபாய் கொடுத்தான். டீ எங்கள் செலவு. அப்புறம் ஒரு மாலில் ஜூஸ் கடை போர்டில் 'மாம்பழம்' என்று பார்த்தேன். மூன்று மகரத்திலும் ஒரே இடத்தில் பிரஷ் முடி பிரிந்த மெல்லிய கோடு. அப்பா கை. ஆனால் கையால் எழுதினால் ஒரு ம மாதிரி இன்னொரு ம வராது. மூன்றிலும் ஒரே பிசிறு என்றால் எழுத்துருவாக்கி விற்றுவிட்டான் என்று அர்த்தம். போர்டு எழுதுபவர்களின் கையெழுத்தை எழுத்துருவாக்க ஹனிஃப் குரேஷி தொடங்கிய ஹேண்ட்பெயின்டட்டைப் திட்டத்தில் எழுதியவர் பெயரையே எழுத்துருவுக்கு வைத்தார்கள், பெயின்டர் கஃபீல் என்று. நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

போட்டோ எடுத்துக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அன்னிக்கி பிரஷ்ஷ சரியா கழுவல" என்றார்.