பர்னரை அணைத்த பிறகும் பம்ப் எதற்காக ஓட வேண்டும்?

“தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டரில் பர்னரை நிறுத்திய பின்பும் சுழற்சிப் பம்பை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டச் சொல்கிறார்கள், இது மின்சார விரயமல்லவா?” என்று கேட்டிருக்கிறீர்கள். உலைக்குள் இருக்கும் குழாய்ச் சுருளில் (காயில்) எண்ணெயைச் சூடாக்கி, பம்பால் ஆலைக்குள் சுற்றவிடுவதுதான் இந்த ஹீட்டரின் வேலை. ஷிப்டு முடிந்து கிளம்பும் அவசரத்தில் எழுந்த கேள்வி என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் எழுந்தது. ஆனால் நான் யாரையும் கேட்காமல் பம்பை நிறுத்திவிட்டேன்.

அன்று எண்ணெய் 260 டிகிரியில் இருந்தது. பம்ப் நின்றதும் வெளிப்போக்குக் குழாயின் வெப்பமானி முள் மெல்ல இறங்கியது. ஹீட்டர் ஆறுகிறது என்று நம்பினேன். அந்த முள் காட்டியது உலைக்கு வெளியே தேங்கி நின்ற எண்ணெயின் வெப்பத்தைத்தான். உள்ளே, உலைச் சுவரின் தீக்கற்கள் தேக்கி வைத்திருந்த வெப்பம் முழுவதும் அசையாத எண்ணெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் வந்து பம்பை மறுபடி போடச் சொன்னபோது, இறங்கியிருந்த முள் சட்டென்று மேலே பாய்ந்ததை இன்றும் மறக்கவில்லை.

ஒரு முறை செய்ததற்கு எதுவும் ஆகாது என்று சிலர் வாதிடுவார்கள். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அங்கே என்னைப் போலவே பலரும் பல மாதங்களாகச் செய்துவந்திருந்தார்கள். ஓட்டம் நின்றால் குழாய்ச் சுவரை ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் படலம்தான் முதலில் சிதைந்து கரியாகிறது. கரி படிந்த இடத்தில் வெப்பம் எண்ணெய்க்குள் இறங்காமல் இரும்பிலேயே தங்குகிறது. பின்னொரு பராமரிப்பின்போது காயிலை வெட்டிப் பார்த்தோம்: ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினாலும் பெயராத கறுப்பு ஓடு, ஓரிடத்தில் வெளிப்புறமாக உப்பிய குழாய். அது உலைக்குள் வெடித்திருந்தால் எண்ணெயே தீக்கு எரிபொருளாகியிருக்கும். பழி முழுவதும் ஆபரேட்டர்கள் தலையில் விழுந்தது. பம்ப் ஓடும் நேரத்தைக் குறைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியவர்களை யாரும் விசாரிக்கவில்லை.

ஆகவே முதலில் தீயை அணையுங்கள், பம்ப் ஓடட்டும். எண்ணெய் ஏறத்தாழ 100 டிகிரிக்குக் கீழே வந்த பிறகே நிறுத்துவது பொதுவான பழக்கம். உங்கள் ஹீட்டரின் கையேடு இன்னும் குறைந்த அளவைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். என் சொல்லை அதற்கு மேலாகக் கொள்ள வேண்டாம். விறகோ நிலக்கரியோ எரிக்கும் ஹீட்டர் என்றால், தீப்படுகையை ஒரு பொத்தானால் அணைக்க முடியாது; அதனால் எண்ணெய் ஓட்டம் நிற்கவே கூடாது. மின்சாரம் போனால் உடனே ஓட வேண்டிய டீசல் பம்பின் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று வாரந்தோறும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

பம்பை நிறுத்திய பிறகு, சூட்டில் விரியும் எண்ணெய்க்கு இடம் தரும் விரிவுத் தொட்டிக்குப் போகும் குழாயின் வால்வை மட்டும் மூடிவிடாதீர்கள். இயங்கும் வெப்பத்திலிருந்து முழுக்க ஆறும்போது எண்ணெயின் கன அளவு கணிசமாகச் சுருங்கும். அந்தக் குறையை நிரப்ப எண்ணெய் தொட்டியிலிருந்துதான் இறங்கி வர வேண்டும்.